ஜீவனாம்சம் தருகிறேன் என்றாள் சாவித்திரி

சுதந்திரப் போராட்டக் காலத்துக் காதல் கதை என்றதும், அவன் சிறைக்குப் போவான், அவள் வாசலில் காத்திருப்பாள் என்றுதானே நினைக்கிறீர்கள்? 1939-இல் வெளிவந்த 'தியாக பூமி' வேறு மாதிரி. அதில் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில்தான் முதல் போராட்டம்.

கல்கியின் கதை, கே. சுப்பிரமணியம் இயக்கம். ஆனந்த விகடனில் தொடர் வந்தபோதே படமும் தயாரானது. படத்தின் புகைப்படங்களையே தொடருக்கும் போட்டார்கள். சாவித்திரியாக எஸ்.டி. சுப்புலட்சுமி, தகப்பனார் சம்பு சாஸ்திரியாகப் பாபநாசம் சிவன். பாட்டுகளைத் தொட்டால் எனக்குக் கொடுத்த நேரம் போதாது, விட்டுவிடுகிறேன்.

என்னை இழுப்பது நீதிமன்றக் காட்சி. நாகரிக மோகம் பிடித்த கணவன் ஸ்ரீதரனிடம் படாத பாடு பட்டவள் சாவித்திரி. போக்கிடம் இல்லாமல், பெற்ற குழந்தையைத் தூங்கும் அப்பாவின் பக்கத்தில் விட்டுவிட்டுப் போகிறாள். சில வருஷம் கழித்து, உமாராணி என்ற பெயரில் பெரும் பணக்காரியாகத் திரும்புகிறாள். உடனே ஐயாவுக்குப் பெண்டாட்டி ஞாபகம் வந்துவிடுகிறது! தன்னோடு வந்து வாழச் சொல்லி வழக்குப் போடுகிறார். அவளோ, வாழ முடியாது, வேண்டுமானால் இவருக்கு நான் ஜீவனாம்சம் தருகிறேன் என்கிறாள். இந்துத் திருமணச் சட்டம் வர அப்போது இன்னும் 16 வருஷம் இருந்தது, நேயர்களே.

கல்லூரிகளில் பழைய படங்களைப் போட்டுக் காட்டிப் பேசுவது என் தொழில். இந்த இடத்தில் பெண்கள் பக்கத்திலிருந்து விசில் பறக்கும். ஒரு மாணவி மட்டும் விசிலடிக்காமல் எழுந்து, "அப்புறம் ஏன் சார் கடைசியில ரெண்டு பேரையும் சேர்த்து வைக்கிறாங்க?" என்று மடக்கினாள். நியாயமான கேள்வி. ஆனால் கவனியுங்கள்: வழக்குக்குப் பிறகு அவள் கதர் உடுத்திப் போராட்டத்தில் இறங்குகிறாள். மனம் மாறிய ஸ்ரீதரனும் அங்கேதான் வந்து சேர்கிறான். இருவரும் கைதாகிறார்கள். வா என்று அவன் வழக்குப் போட்டுக் கூப்பிட்ட வீட்டுக்கு அவள் போகவே இல்லை. கல்கியின் சாமர்த்தியம் அது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1939 கடைசியில் ராஜாஜியின் காங்கிரஸ் மந்திரிசபை விலகியது. அது போன அடுத்த வருஷம் பிரிட்டிஷ் அரசு படத்தைத் தடை செய்தது. தடைச் செய்தி வந்ததும், சென்னை கெயிட்டி தியேட்டரில் இலவசமாகவே காட்டினார்கள். கூட்டம் அலைமோத, போலீஸ் உள்ளே புகுந்து தடியடி நடத்தியது.

படம் கைக்கு எட்டாவிட்டாலும் நாவல் நூலகங்களில் கிடைக்கும். வீட்டில் நாலு பேராகப் படியுங்கள். உமாராணி செய்தது சரிதானா என்று நிலையத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள்.