மழலையும் மந்திரமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பேசத் தொடங்கும் மழலைக்கு வடமொழித் தோத்திரம் கற்பிக்கலாமா என்பது இன்று பல இல்லங்களில் எழும் வினா. இதற்கு விடை கூறும் தகுதியை என் முனைவர் பட்டம் எனக்குத் தரவில்லை. நான் செய்த ஒரு பிழையே தந்தது.

என் மகளுக்கு அப்போது மூன்று வயது. ஆசிரியரைத் தெய்வமாகப் போற்றும் சுலோகம் ஒன்றை மழலையர் பள்ளியில் கற்று வந்தாள். மாலையில் விளக்கேற்றியதும் கைகூப்பிச் சொன்னாள். சொல்லி முடித்து, "குருவி எங்கம்மா?" என்று கேட்டாள். 'குரு' என்னும் சொல் அவள் செவியில் குருவியாக விழுந்திருந்தது. நான் சிரித்தேன், பின்பு திருத்தினேன். முதலெழுத்தை அழுத்தி ஒலித்துக் காட்டி, ஐந்தாறு முறை திரும்பச் சொல்ல வைத்தேன். மறுநாள் விளக்கேற்றியபோது அவள் கைகூப்பவில்லை. அதன்பின் பல நாள் அந்தச் சுலோகத்திற்கு வாய் திறக்கவே இல்லை.

"அவ குருவியத்தானே கும்பிட்டா? கும்பிட்டுட்டுப் போகட்டுமே" என்றார் என் மாமியார். வடமொழி எழுத்தறியாத அவர், செவிவழிக் கற்ற தோத்திரங்களை நாள்தோறும் சொல்லி வந்தவர்.

அச்சொல் என்னைச் சுட்டது. வடசொல் தமிழுக்குள் வரும்போது வடவெழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தோடு பொருந்தி வரவேண்டும் என்று தொல்காப்பியர் விதித்தார். அதனை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறவள் நான். அந்த விதியை அறியாமலே என் மகள் அதற்கும் ஒருபடி மேலே சென்றாள்; பொருள் விளங்காத ஒலிக்குத் தன் மொழியிலிருந்து ஒரு சிறகைத் தந்தாள். நான் அதனைப் பிடுங்கிவிட்டேன்.

ஒலிக்கு மதிப்பில்லை என்று நான் கூறவில்லை. வேதம் எத்தனையோ நூற்றாண்டுகள் ஏட்டில் அன்றிச் செவியிலேயே வாழ்ந்தது. பதம், கிரமம், சடை, கனம் என்னும் ஓதுமுறைகள் ஓர் அசையும் பிறழாமல் அதனைக் காத்தன. அந்த ஓதுமரபை 2003ஆம் ஆண்டில் யுனெஸ்கோ மானுடத்தின் அரும்பாரம்பரியமாக அறிவித்தது. ஆயினும், அவ்வளவு கண்டிப்பான மரபும் உபநயனத்திற்கு எட்டாம் ஆண்டைத்தான் பொதுவாகக் குறித்தது. மூன்று வயது நாவிடம் அது திருத்தம் கேட்கவில்லை.

நம் மரபு மூன்று வயதுக் குழந்தைக்கு வேறொரு காட்சியை வைத்திருக்கிறது. சீகாழிக் குளக்கரையில் பால் கொடுத்தது யார் என்று தந்தை கோலோங்கிக் கேட்டபோது, சம்பந்தர் விரல் நீட்டிப் பாடினார் என்பர். அம்முதற் பதிகத்தின் தொடக்கத்தில் தத்துவம் இல்லை. காதணி, காளை, வெண்பிறை, சாம்பல் என்று கண்ணுக்குத் தோன்றுபவையே வரிசையாக வருகின்றன. அதுவே குழந்தையின் வழிபாடு. அது சுட்டிக்காட்டும், பெயர் சொல்லும். என் மகளும் குருவியைத்தான் சுட்டத் தேடினாள்.

இரு மொழியும் அருகருகே நிற்பது நமக்குப் புதிதன்று. ஆண்டு முழுதும் சுப்ரபாதம் ஒலிக்கும் திருமலையில், மார்கழியில் அதன் இடத்தில் ஆண்டாளின் திருப்பாவை ஒலிக்கிறது. ஆதலால், வடமொழித் தோத்திரம் குழந்தையின் செவியில் விழட்டும். பாட்டியின் மடியில் தாலாட்டைப் போல் விழட்டும். தேர்வும் மேடையும் பரிசும் வேண்டா. குழந்தை பொருள் கேட்கும் நாளில் தாய்மொழியில் விடை சொல்வோம். அந்த நாள்வரை அது கண்டெடுத்த பொருளைப் பறிக்காதிருப்போம்.

கவிஞர்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். அழ. வள்ளியப்பா போன்றோர் குழந்தைகளுக்காகவே பாடினார்கள். மூன்று வயதுக் குழந்தை கைகூப்பிச் சொல்ல, நான்கே அடியில் ஒரு தமிழ்ப் பாட்டு உங்களுள் எத்தனை பேர் எழுதியிருக்கிறீர்கள்? நாம் வெற்றிடத்தை விட்டுவைத்துவிட்டு, அங்கே பிறமொழி வந்து அமர்ந்தது என்று வருந்துவதில் பயனில்லை.

என் மாமியார் அவளை எதுவும் சொல்லச் சொல்லவில்லை. மாலைதோறும் அவள் அருகில் அமர்ந்து தாமே சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் அவளும் சேர்ந்துகொண்டாள், குருவியோடுதான். இன்று கல்லூரியில் பயிலும் அவளுக்கு அச்சுலோகத்தின் பொருள் நன்கு தெரியும். ஆனாலும் அதைச் சொல்லும்போது ஒரு குருவி வந்து உட்காரும் என்கிறாள். இப்போது நான் திருத்துவதில்லை.