இல்லத்தில் இரத்த அழுத்தம் அறிதல்

(விழா அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழா நாளில் நோயைப் பற்றிப் பேசலாமா எனச் சிலர் எண்ணக்கூடும். ஆயினும், இங்கு அமர்ந்துள்ள பெரியோர் பலருடைய இல்லத்தில் மகனோ மருமகளோ வாங்கித் தந்த இரத்த அழுத்தமானி ஒன்று இருக்கிறது. சில வீடுகளில் அது அலமாரியில் உறங்குகிறது; வேறு சில வீடுகளில் நாளொன்றுக்குப் பத்து முறை கையில் ஏறி இறங்கி அச்சத்தையே வளர்க்கிறது. அதனை முறையாகப் பயன்படுத்துவது எவ்வாறு என்பதே என் பேச்சு.

1896ஆம் ஆண்டில் ரிவா-ரோச்சி என்னும் இத்தாலிய மருத்துவர் கைப்பட்டையையும் பாதரசக் குழலையும் இணைத்து அழுத்தத்தை அளந்தார். அவர் நாடியைத் தொட்டுப் பார்த்து அறிந்தது மேல் எண் மட்டுமே. 1905இல் கொரோட்கோவ் என்னும் உருசிய மருத்துவர், பட்டைக்குக் கீழே நாளத்தில் எழும் ஒலியைக் கேட்டுக் கீழ் எண்ணையும் அறிய வழி கண்டார். இதயம் சுருங்கி இரத்தத்தைச் செலுத்தும்போது நாளச் சுவரில் விழும் அழுத்தம் மேல் எண். இதயம் தளர்ந்திருக்கும்போது எஞ்சி நிற்பது கீழ் எண். இன்று நம் வீடுகளில் உள்ள மின்னணுக் கருவி ஒலியைக் கேட்பதில்லை. பட்டையில் நாடி எழுப்பும் நுண்ணிய அதிர்வுகளைக் கொண்டு அது கணக்கிடுகிறது. பேசினாலும் கையை அசைத்தாலும் அக்கணக்குப் பிழைபடுவது இதனால்தான். நாடி ஒழுங்கின்றித் துடிப்போர் அக்கருவியின் எண்ணை மட்டும் நம்பியிராமல் மருத்துவரிடமும் அளந்து பார்க்க வேண்டும்.

அளக்கும் முறைக்கு வருவோம். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபி, தேநீர், நடைப்பயிற்சி வேண்டா. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாயும் நாற்காலியில் பாதங்கள் தரையில் படிய ஐந்து நிமிடம் பேசாமல் அமர வேண்டும். கால்மேல் கால் இடலாகாது. பட்டையைச் சட்டைக் கையின் மீதோ இரவிக்கையின் மீதோ சுற்றாமல், வெற்று மேற்கையில் சுற்ற வேண்டும். கை, இதயத்தின் மட்டத்தில் மேசைமேல் தாங்கப்பட்டிருத்தல் இன்றியமையாதது. பத்து சென்டிமீட்டர் தாழ்ந்து தொங்கினாலே ஏழெட்டு மில்லிமீட்டர் கூடுதலாகக் காட்டும். இல்லாத நோய்க்கு மாத்திரை ஏற இதுவே போதும்! பருத்த கைக்குச் சிறிய பட்டையும் எண்ணை உயர்த்திவிடும். ஆகவே, வாங்கும்போதே மேற்கையின் சுற்றளவை நாடாவால் அளந்து, பட்டையில் அச்சிட்ட அளவோடு ஒப்பிடுங்கள். மணிக்கட்டில் கட்டும் கருவிகளை நான் பரிந்துரைப்பதில்லை.

மருத்துவரைக் காணச் செல்லுமுன் ஏழு நாள் அளந்தால் போதும். காலையில் உணவுக்கும் மாத்திரைக்கும் முன் இரு முறை, ஒரு நிமிட இடைவெளியில், மாலையிலும் அவ்வாறே. கதிரவன் மறையுமுன் உண்ணும் வழக்கமுடையோர் மாலை அளவை அவ்வுணவுக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். முதல் நாள் எண்களை விலக்கி, மற்றவற்றின் சராசரியைக் காணுங்கள். அது 135/85 அல்லது அதற்கு மேலாயின் உயர் அழுத்தம் என்பது மருத்துவர் கொள்ளும் வரையறை. மருத்துவமனையில் இவ்வரம்பு 140/90. வெள்ளை அங்கியைக் கண்டதும் சிலர்க்கு அழுத்தம் ஏறுகிறது. வேறு சிலர்க்கோ அங்கே இயல்பாகவும் வீட்டில் உயர்வாகவும் இருக்கிறது. வீட்டில் அளவாதார் இதனை அறியவே இயலாது.

மேல் எண் 180க்கோ கீழ் எண் 120க்கோ மேற்பட்டால், சற்று அமைதியாக இருந்து மீண்டும் அளக்க வேண்டும். குறையாவிடில் அன்றே மருத்துவரை அணுகுங்கள். மார்புவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், ஒருபுறக் கை கால் தளர்ச்சி இவற்றுள் ஒன்று தோன்றினால் மறுமுறை அளந்து காலம் கடத்தாமல் 108ஐ அழையுங்கள்.

நம் குடும்பங்களுக்கே உரிய இரண்டு செய்திகளைச் சொல்ல வேண்டும். கிழங்கை விலக்குவதில் காட்டும் உறுதியை நாம் உப்பில் காட்டுவதில்லை. ஊறுகாய், அப்பளம், வடகம், மோர்மிளகாய் ஆகியவை நாள்தோறும் இலையில் இடம்பெறுகின்றன. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்புக் கொள்ள வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அஃது ஒரு தேக்கரண்டி அளவே.

மற்றொன்று உபவாசம். நோன்பு நாளில் மாத்திரையையும் தாமே நிறுத்திவிடுவோர் உளர். சில மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் அழுத்தம் முன்னிலும் மிகுந்து எழும். மாறாக, சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையை உட்கொண்டு நீரும் அருந்தாதிருந்தால், அழுத்தம் தாழ்ந்து எழும்போதே மயங்கி விழ நேரும். நோன்புக்குப் பல நாள் முன்னரே மருத்துவரிடம் சென்று, எத்தனை நாள், நீர் அருந்துவீர்களா இல்லையா என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். இரவில் நீரும் பருகாதோர் அதனையும் சொல்ல வேண்டும். இரவு மாத்திரையைப் பெரும்பாலும் பகலுக்கு மாற்றித்தர இயலும். கேட்கக் கூசி, மாத்திரையைப் பெட்டியிலேயே வைத்திருக்கும் பாட்டிமார் எத்தனையோ பேர்! வீட்டிலுள்ள இளையோர் உடன் சென்று எடுத்துரைக்கலாம்.

கருவியைக் கொண்டுவந்திருப்போர் பிற்பகல் உணவுக்கு முன் என்னிடம் காட்டுங்கள். பட்டை கைக்குப் பொருந்துகிறதா எனப் பார்த்துச் சொல்கிறேன்.