ஈரானியப் பெண்கள் பறிகொடுத்த உரிமை

(அனைத்துலக மாதர் தினத்தன்று வாசிகசாலை மண்டபத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரை)



மாதர் தினத்தில் பெண்மையின் பெருமையைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லி, மாலையையும் வாங்கிக்கொண்டு போவது எளிது. அதற்காக நான் வரவில்லை. 1979ஆம் ஆண்டு இதே மார்ச்சு 8ஆந் திகதி ஈரான் நாட்டின் தலைநகராகிய தெகிரானில் என்ன நடந்தது, அதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்பவற்றை, வழக்கொன்றின் சங்கதிகளை வைப்பதுபோல் உங்கள் முன் வைக்க வந்திருக்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது இஸ்லாம் மார்க்கத்தின்மீது நான் தொடுக்கும் வழக்கென்று எவரும் எண்ணவேண்டாம். எதிரிக் கூண்டில் நிற்பது, மதத்தின் பெயரால் கேட்பாரற்ற அதிகாரத்தை எடுத்துக்கொண்ட ஓர் ஆட்சி. அவ்வாட்சியால் அடிபட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம் பெண்கள்; அதை எதிர்த்து நின்றவர்களும் அவர்களே.

அதற்கு முந்திய மன்னராட்சி பொற்காலமும் அன்று. 1936இல் ரேசா ஷா மன்னர், பெண்கள் முக்காடு அணியலாகாது என்று கட்டளையிட்டார். பொலிசார் தெருவில் நின்று முக்காட்டைப் பறித்தார்கள். மானத்துக்கு அஞ்சி வீட்டுப்படி தாண்டாது அடைந்து கிடந்த பெண்கள் பலர். மகன் முகம்மது ரேசா ஷாவின் காலமோ இரகசியப் பொலிசின் காலம். ஆயினும் அந்த மகனின் காலத்திலேதான், 1963இல், பெண்கள் வாக்குரிமை பெற்றார்கள். அவ்வாண்டிலேயே ஆறு பெண்கள் பாராளுமன்றம் சென்றார்கள். 1967இல் குடும்பப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1975இல் அது விரிவாக்கப்பட்டது.

அந்தச் சட்டம் செய்ததென்ன? அதற்கு முன் கணவன் நினைத்த நேரத்தில் மனைவியைத் தள்ளிவைக்கலாம். காரணங் காட்ட வேண்டியதில்லை. சட்டம் வந்தபின் விவாகரத்து வேண்டுமானால் நீதிமன்றுக்குப் போகவேண்டும், மனைவியும் போகலாம். இரண்டாந் தாரம் கட்ட நீதிமன்றின் அனுமதி வேண்டும். பிள்ளை யாரிடம் வளர்வதென்பதை நீதிபதி தீர்மானிப்பார். பெண்ணின் திருமண வயது பதினெட்டு. குறையற்ற சட்டமென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வீட்டு முற்றத்தில் முடிந்துபோன விவகாரத்தை நீதிமன்றின் வாசலுக்குக் கொண்டுவந்த சட்டம் அது.

1978இல் மன்னராட்சிக்கு எதிராக மக்கள் எழுந்தபோது பெண்கள் இலட்சக்கணக்கில் வீதிக்கு வந்தார்கள். ஒருநாளும் முக்காடு அணியாத சர்வகலாசாலை மாணவியர்கூட, மன்னருக்கு எதிர்ப்புக் காட்டும் பொருட்டுத் தாமாகவே அதை அணிந்துகொண்டு வந்தார்கள். 1979 பெப்ரவரி 11ஆந் திகதி புரட்சி வென்றது.

இனித் திகதிகளைக் கவனியுங்கள். பெப்ரவரி 26ஆந் திகதி, அதாவது வெற்றி கிடைத்துப் பதினைந்தே நாளில், குடும்பப் பாதுகாப்புச் சட்டம் செல்லாதென்று கொமெய்னி அவர்களின் அலுவலகத்திலிருந்து அறிவித்தல் வந்தது. அப்பொழுது நாட்டில் புதிய அரசியலமைப்பு இல்லை, பாராளுமன்றம் இல்லை. இஸ்லாமியக் குடியரசு வேண்டுமா என்று மக்களைக் கேட்ட வாக்கெடுப்புக்கூட மார்ச்சு மாதக் கடைசியிலேதான் நடந்தது. குடியரசு பிறக்குமுன்னே பெண்ணின் உரிமை போய்விட்டது! சட்டம் படித்தவன் என்ற முறையில் இதைவிட வெட்கக்கேடான திகதிக் கணக்கை நான் கண்டதில்லை.

அடுத்த சில நாட்களில், பெண்கள் நீதிபதிகளாக இருத்தலாகாது என்ற செய்தி வந்தது. சிரீன் எபாதி என்ற அம்மையார் 1975 முதல் தெகிரான் நகர நீதிமன்றொன்றின் தலைவராக இருந்தவர். புரட்சியை ஆதரித்தவர். அவரை ஆசனத்திலிருந்து இறக்கி, அதே நீதிமன்றில் எழுதுவினைஞராக இருத்தினார்கள். பிறகு வழக்கறிஞராகத் தொழில் செய்ய அனுமதி கேட்டார். அது 1992இலேதான் கிடைத்தது. நேற்றுவரை தாம் தீர்ப்பு வழங்கிய மண்டபத்தில் இன்று கோவை தூக்கிக்கொண்டு நிற்பதென்றால் என்னவென்று எம் தொழிலில் உள்ளவர்கள் சற்று எண்ணிப் பார்க்கட்டும். அவருக்கு 2003இல் நொபெல் சமாதானப் பரிசு கொடுத்தது உலகம்.

மாதர் தினத்துக்கு முந்திய நாள் பத்திரிகைகளில், அரசாங்க அலுவலகங்களில் பெண்கள் முக்காட்டோடுதான் வரவேண்டும் என்ற கொமெய்னி அவர்களின் பேச்சு வெளியாயிற்று. மறுநாள் பனி கொட்டிக்கொண்டிருந்த தெகிரான் வீதிகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் திரண்டார்கள். தாதிகள், ஆசிரியைகள், மாணவிகள், அலுவலகப் பெண்கள் எல்லாரும் வந்தார்கள். முக்காடு அணிந்த பெண்களும் அவர்களோடு நடந்தார்கள். “பின்னோக்கிச் செல்வதற்காக நாம் புரட்சி செய்யவில்லை” என்று முழங்கினார்கள். எதிரே கல்லும் கத்தியுமாக வந்த கூட்டம், “தலையில் முக்காடு, இல்லையேல் தலையில் அடி” என்று கூவியது. அப்படியும் பெண்கள் கலையவில்லை. நாட்கணக்கில் ஊர்வலம் போனார்கள். நீதி மாளிகைக்குள்ளே ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து சத்தியாக்கிரகம் செய்தார்கள்.

ஆட்சியாளர் பின்வாங்கினார்கள். மக்கள் மதித்த மதகுருவாகிய தலகானி அவர்கள், இதில் கட்டாயம் எதுவுமில்லை என்றார். பிரதமர் பசர்கானின் அரசாங்கமும் அவ்வாறே சொல்லிற்று. பெண்கள் வீடு திரும்பினார்கள். 1980 ஜூலையில் அலுவலகங்களில் முக்காடு கட்டாயமாயிற்று. 1983இல் பொது இடமெங்கும் கட்டாயமாயிற்று. மீறினால் எழுபத்து நான்கு கசையடி. இடையில் 1980 மே மாதம், முதல் ஆறு பெண் உறுப்பினருள் ஒருவராயிருந்து 1968இல் கல்வி மந்திரியான வைத்தியர் பரூக்ரூ பார்சா அம்மையார் கொல்லப்பட்டார். விசாரணையில் அவருக்காகப் பேச ஒரு வழக்கறிஞர்கூட இருக்கவில்லை.

அந்த மார்ச்சு நாட்களில் ஏனையோர் எங்கே இருந்தார்கள்? மன்னராட்சியில் சிறை சென்ற இடதுசாரிகள், தேசியவாதிகள், எம் போன்ற சட்டத்தரணிகள் எங்கே? துணை நின்ற சிலர் இருந்தார்கள். பலர் சொன்னது இதுதான்: ஏகாதிபத்தியம் வாசலில் நிற்கிறது, இப்பொழுது ஒரு துணித்துண்டைப் பற்றிப் பேச நேரமில்லை, பெண் பிரச்சினையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்தப் ‘பிறகு’ வந்ததா? 1981 ஜூனில், பழிக்குப்பழி தண்டனைச் சட்ட மசோதாவை எதிர்த்துத் தேசிய முன்னணி ஊர்வலம் அழைத்தபோது, முன்னணியினர் மதத்துரோகிகள் என்று கொமெய்னி அவர்கள் அறிவித்தார். 1983இல் கம்யூனிஸ்டுகளின் தூதே கட்சி தடைசெய்யப்பட்டது. தெருவில் இறங்கித் துணை நிற்க அப்பொழுது எவர் மிஞ்சியிருந்தார்?

நான் பிறரைக் குற்றஞ் சாட்டிவிட்டு நழுவிப்போகக் கூடாது. நம் இயக்க மேடைகளிலும், சீதனத்தைப் பற்றியோ பெண்ணின் சொத்துரிமையைப் பற்றியோ ஒரு தாய் எழுந்து கேட்டபோது, “முதலில் இனத்தின் உரிமை, மற்றவை பின்னர்” என்று பதில் சொன்னவர்களில் நானும் ஒருவன். ஒருமுறையல்ல, பலமுறை சொல்லியிருக்கிறேன். இந்த வரலாற்றைப் படித்தபின் அப்பதிலை மீண்டும் சொல்ல என் நா எழவில்லை.

சட்டப்புத்தகத்துக்கு வருவோம். 1982இல் பெண்ணின் திருமண வயது ஒன்பது சந்திர வருடமாக இறக்கப்பட்டது. ஒன்பது! நம் ஊரில் நாலாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை. பெண்கள் விடாது போராடி, 2002இல் அது பதின்மூன்றாயிற்று; அதற்கும் கீழே தந்தையின் விருப்பமும் நீதிமன்றின் அனுமதியும் இருந்தால் நடத்தலாம். இரண்டு பெண்களின் சாட்சியம் ஒரு ஆணின் சாட்சியத்துக்குச் சமன்; சில குற்றங்களில் பெண்ணின் சாட்சியம் ஏற்கப்படுவதே இல்லை. உயிரிழப்புக்கு நட்டஈடு கணக்கிட்டால் பெண்ணின் உயிருக்குப் பாதி. விவாகரத்தின்பின் ஆண்பிள்ளை தாயிடம் இரண்டு வயதுவரை மட்டும் இருக்கலாமென்று இருந்ததை ஏழாக்க 2003வரை காத்திருந்தார்கள்.

மணமான பெண் கடவுச்சீட்டுப் பெறக் கணவனின் சம்மதம் வேண்டும். இந்தக் கட்டுப்பாடு மன்னர் காலத்திலும் இருந்ததென்பதை மறைக்கலாகாது. 2015இல் மகளிர் உள்ளரங்க உதைபந்தாட்டக் குழுவின் தலைவி, கணவன் மறுத்ததனால் மலேசியாவில் நடந்த ஆசியப் போட்டிக்குப் போகமுடியாது நின்றார். இதைக் கேட்டுச் சிரிக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. எமது தேசவழமையின்கீழ் மணமான பெண் தன் சீதனக் காணியை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டுமென்பது 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். உறுதி எழுதப் போன தாய்மார் இதை அறிவார்கள்.

ஈரானியப் பெண்கள் அடங்கிக் கிடந்தார்களென்று எண்ணிவிடாதீர்கள். அடைக்கப்பட்ட கதவுகளுக்குள் திறந்திருந்த ஒரே கதவு படிப்பு. அதனூடே புகுந்து சர்வகலாசாலைகளில் பாதிக்கு மேலாகினார்கள். அது ஆட்சிக்குப் பொறுக்கவில்லை போலும். 2012இல் முப்பத்தாறு சர்வகலாசாலைகள் எழுபத்தேழு பாடநெறிகளைப் பெண்களுக்கு மூடின. 2006இல் பாகுபாடான சட்டங்களை மாற்றக்கோரிப் பத்து இலட்சம் கையொப்பம் சேர்க்கத் தொடங்கினார்கள். பூங்காவில், பஸ்சில், வீட்டு வாசலில் நின்று சட்டத்தைச் சாதாரணச் சொற்களில் விளக்கிக் கையொப்பம் கேட்டார்கள். அதற்கும் சிறை.

2022 செப்ரெம்பர் 13ஆந் திகதி, சக்கெஸ் என்ற குர்திய ஊரிலிருந்து தெகிரான் வந்த மாசா அமினி என்ற இருபத்திரண்டு வயதுப் பெண்ணை, உடை சரியில்லையென்று ஒழுக்கக் காவலர் பிடித்துச் சென்றனர். மூன்றாம் நாள் அவள் இறந்தாள். காவலில் நிகழ்ந்த வன்முறையே சாவுக்குக் காரணமென்று ஐக்கிய நாடுகளின் விசாரணைக் குழு 2024இல் கூறியது. “பெண், வாழ்வு, விடுதலை” என்ற குர்திய முழக்கம் நாடெங்கும் பரவியது. இம்முறை ஆண்களும் கூட வந்தார்கள். 1979இல் வராதவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வந்தார்கள். ஐந்நூற்றைம்பது பேர்வரை கொல்லப்பட்டனரென அதே குழு கணக்கிட்டது. அவர்களுள் பலர் சிறுவர்.

என் தொழிலைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். நஸ்ரின் சொதூதே என்ற சட்டத்தரணி, முக்காட்டைத் தடியில் கட்டி வீதியில் நின்ற பெண்களுக்காக வழக்காடியவர். 2019இல் அவருக்கு முப்பத்தெட்டு ஆண்டுச் சிறையும் நூற்று நாற்பத்தெட்டுக் கசையடியும் விதிக்கப்பட்டதென அவர் கணவர் தெரிவித்தார். அதற்கு முந்திய ஆண்டு, அரச பாதுகாப்பு வழக்குகளில் பூர்வாங்க விசாரணையின்போது தோன்றலாமென்று தெகிரானில் அரசு அங்கீகரித்த சட்டத்தரணிகள் இருபது பேர் மட்டுமே. பெருநகரொன்றுக்கு இருபது பேர்!

தலைவர் அவர்களே, கேள்வி நேரத்துக்கு அரைமணி இருக்கிறது. வழமையில் முன்வரிசை ஆண்களே அதை எடுத்துக்கொள்வார்கள். இன்று பின்வாங்கில் இருக்கும் தாய்மார் முதலில் கேட்க அனுமதிக்குமாறு வேண்டுகிறேன். சீதனக் காணி பற்றிக் கேட்டாலும் பதில் சொல்கிறேன்.