"மலைக்குப் போனீங்களா?"



பழனி அடிவாரத்தில் அடிக்கடி கண்ணில் படும் காட்சி இது. புத்தம் புதுக் கார் ஒன்று நிற்கும். சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் கழற்றியிருக்க மாட்டார்கள். முகப்பில் மாலை, கண்ணாடியில் சந்தனம் குங்குமம், நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம். பூஜை முடிந்ததும் தாத்தா பாட்டி முதல் கைக்குழந்தை வரை குடும்பமே ஏறிக்கொள்ளும். "இவ்வளவு தூரம் வந்தாச்சு, அப்படியே கொடைக்கானலையும் பார்த்துட்டுப் போயிடலாம்" என்று யாராவது ஒருவர் சொல்வார். வண்டி மலைப்பாதைக்குத் திரும்பும்.

அங்கிருந்து அறுபத்துச் சொச்சம் கிலோமீட்டரில் அந்த வண்டி 1,700 மீட்டருக்கு மேல் உயரம் ஏறியாக வேண்டும். பெரும்பாலான வண்டிகள் நல்லபடியாக ஏறிவிடுகின்றன. சில வண்டிகள் பாதி வழியில் நின்றுவிடும். எஞ்சின் சத்தம் கூடும், வண்டி இழுக்காது. கருகின வாடை வரும். டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். கியர் விழாது. மாலை வாடுவதற்குள் அந்தக் கார் ரெக்கவரி வண்டியின் முதுகில் ஏறி, திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ இறங்கிப்போகும்.

அங்கே பணிமனையில் கேட்கப்படும் முதல் கேள்வியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். "மலைக்குப் போனீங்களா சார்?"

கேட்பவர் மரியாதையாகத்தான் கேட்கிறார். ஆனால் அதற்கு "ஆமாம்" என்று பதில் சொன்னதுமே பேச்சு திசை மாறிவிடுகிறது. "மலையில ஹாஃப் கிளட்ச்ல ஓட்டியிருப்பீங்க. கிளட்ச் தேய்மானம் வாரண்டியில வராது." பத்து லட்சமோ பதினைந்து லட்சமோ கொடுத்து, தவணை இன்னும் ஒன்றுகூடக் கட்டி முடிக்காத குடும்பம், குற்றவாளியைப் போல நிற்க வேண்டியிருக்கிறது. சுற்றுலா வந்தவர்களுக்காவது இது ஒருநாள் துன்பம். பூம்பாறையிலும் மன்னவனூரிலும் கூக்காலிலும் குடியிருப்பவர் என்ன பதில் சொல்வார்? அவருக்குப் பால் வாங்கப் போவதும் மலைதான், பிரசவத்துக்குப் பெண்ணை ஏற்றிப் போவதும் மலைதான். மலையில் ஓட்டியதே தவறு என்றால் அவருக்குக் காரையே விற்றிருக்கக் கூடாது.

இந்தக் கேள்வியில் ஒரு பங்கு உண்மையும் இருக்கிறது. அதை முதலில் பார்த்துவிடுவோம்.

கிளட்ச் என்பது எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே நிற்கும் தட்டு. முழுதாகப் பிடித்திருந்தால் அது தேயாது. முழுதாக விட்டிருந்தாலும் தேயாது. பாதி பிடித்துப் பாதி வழுக்கும்போதுதான் சூடேறித் தேய்கிறது. கொடைக்கானல் உயரத்தில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சினில் அந்த அளவுக்கு இழுவையும் குறையும். கால் தானாகவே ஆக்சிலரேட்டரை அதிகம் மிதிக்கும். வண்டி நிறைய ஆள், கூரையில் பெட்டி என்றால் கிளட்சின் பாடு இன்னும் அதிகம்.

இப்போது பல குடும்பங்கள் வாங்குவது ஆட்டோமேட்டிக் கார். ஆனால் அந்தப் பெயருக்குள் நான்கு விதமான கியர் பெட்டிகள் இருப்பதை ஷோரூமில் யாரும் விளக்குவதில்லை. விலை குறைந்த கார்களில் வருவது ஏஎம்டி. 2014-இல் மாருதி செலேரியோவோடு நம் நாட்டுச் சாலைக்கு வந்தது. உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர் பாக்ஸ்தான். கிளட்ச் மிதிக்கும் வேலையை நம் காலுக்குப் பதிலாக ஒரு சிறு இயந்திர அமைப்பு செய்கிறது. ஆகவே மேனுவல் காரில் எது கிளட்சைக் கருக்குமோ அதுவே இதையும் கருக்கும். இரட்டைக் கிளட்ச் கொண்ட டிசிடி பெட்டியில் உலர் வகை என்று ஒன்று உண்டு. சூட்டை வாங்கிக்கொள்ள அந்தக் கிளட்சைச் சுற்றி எண்ணெய் இருக்காது. சிவிடி என்பது இரண்டு புல்லிகளுக்கு நடுவே ஓடும் எஃகுப் பட்டை, அது எண்ணெய் அழுத்தத்தை நம்பியிருக்கிறது. டார்க் கன்வெர்ட்டர் உள்ள பழைய பாணி ஆட்டோமேட்டிக்கில் வண்டி நகர்வதற்கு எண்ணெயே இணைப்பு. ஏற்றத்தில் நின்று நின்று போவதை மற்ற மூன்றைவிட அது நன்றாகத் தாங்கும், பெட்ரோல்தான் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும். மலையில் குடியிருப்பவர்கள் கார் வாங்கும்போது நிறத்தைக் கேட்பதற்கு முன் இதைக் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சீசன் நேரத்தில் பெருமாள்மலையிலிருந்து வெள்ளி நீர்வீழ்ச்சி வரை வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்வதைப் பார்த்திருப்பீர்கள். அங்கேதான் பாதிக் கிளட்சுகள் உயிரை விடுகின்றன. பிரேக்கை மிதிக்காமல், ஆக்சிலரேட்டரை லேசாகக் கொடுத்து வண்டியைச் சரிவிலேயே நிறுத்திவைக்கிறோம். வண்டி அசையாமல் நிற்கும், உள்ளே கிளட்ச் வழுக்கிக்கொண்டே இருக்கும். நின்றால் பிரேக்கில் நில்லுங்கள், நேரமானால் ஹேண்ட் பிரேக் போடுங்கள். முன் வண்டியை அங்குலம் அங்குலமாகத் தொடராமல், ஒரு கார் அளவு இடைவெளி விழுந்த பிறகு ஒரே மூச்சில் நகருங்கள். கியர் பெட்டி சூடாகிவிட்டது என்று எச்சரிக்கை வந்தால், அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பது வண்டியோடு தந்த கையேட்டில் இருக்கும். வீட்டில் பூட்டிவைக்காமல் அதை வண்டியிலேயே வைத்திருங்கள். மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது மரியாதை மட்டுமில்லை, சாலை விதியே அதுதான். இறங்குகிறவர் ஒதுங்கி நின்றால், ஏறுகிறவர் சரிவில் நின்று மறுபடி புறப்பட வேண்டிய பாடு மிச்சம்.

ஓட்டுகிறவரின் பங்கு இவ்வளவுதான். இதற்குமேல் அவர் தலையில் சுமத்த எதுவும் இல்லை. ஒழுங்காக ஓட்டியும் இரண்டாயிரம் மூவாயிரம் கிலோமீட்டருக்குள் கியர் பாக்ஸ் போகிறது என்றால், குறை வண்டிக்குள் ஏற்கெனவே இருந்தது. மலை அதைச் சீக்கிரம் வெளியே கொண்டுவந்தது.

இதற்கு ஆஸ்திரேலியாவில் பெரிய சாட்சி ஒன்று இருக்கிறது. ஃபோர்டு நிறுவனம் ஃபியெஸ்டா, ஃபோகஸ், ஈகோஸ்போர்ட் கார்களில் பவர்ஷிஃப்ட் என்ற இரட்டைக் கிளட்ச் பெட்டியைப் பொருத்தி விற்றது. வண்டி நடுங்குகிறது, குலுங்குகிறது, ஓடும்போதே இழுவை போகிறது என்று வாங்கியவர்கள் வரிசையாக வந்தார்கள். நிறுவனம் அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: நீங்கள் ஓட்டும் விதம் சரியில்லை. ஆஸ்திரேலியாவின் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் இதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. இந்தப் பெட்டிகளில் தரக் குறை உண்டு என்பதும், நடுக்கம் அதன் அறிகுறி என்பதும் நிறுவனத்துக்குத் தெரிந்தே இருந்தது என்பது அங்கே வெளிவந்தது. 2015 மே முதல் 2016 பிப்ரவரி வரை வாடிக்கையாளர்களை நடத்திய விதம் மனசாட்சிக்குப் புறம்பானது என்று 2018 ஏப்ரலில் கூட்டாட்சி நீதிமன்றம் 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. பெட்டியில் குறை இருந்ததற்கான அபராதம் இல்லை இது. குறை இருக்கிறது என்று தெரிந்துகொண்டே வாங்கியவர் மேல் பழி போட்டதற்கான அபராதம். ஈகோஸ்போர்ட் நமக்கு அந்நிய வண்டியும் இல்லை, சென்னைக்குப் பக்கத்தில் மறைமலை நகரில் தயாரானது. இங்கே முதலில் விற்ற பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கிலும் இரட்டைக் கிளட்ச் பெட்டிதான் இருந்தது.

அந்த வகைப் பெட்டியில் நடந்ததைக் கேளுங்கள். உலர் கிளட்சுக்கு எண்ணெய் ஆகாது. பக்கத்திலிருக்கும் ஷாஃப்ட் சீல் கசிந்தால் எண்ணெய் கிளட்ச் தட்டில் படியும், வண்டி நடுங்கும். இதில் ஓட்டுநரின் காலுக்கு எந்தப் பங்கும் கிடையாது. கழற்றிப் பார்த்தால் தட்டே சொல்லிவிடும். பாதிக் கிளட்சில் கருகிய தட்டு கறுத்து, எதிரே உள்ள ஃபிளைவீல் பரப்பில் நீலம் பாய்ந்திருக்கும். சீல் கசிந்திருந்தால் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். கிளட்சை இயக்கும் பாகமோ கணினிப் பெட்டியோ பழுது என்றால் ஸ்கேன் கருவியில் எரர் கோடு விழும். இவற்றில் எதையும் பார்க்காமல் "மலை" என்ற ஒற்றைச் சொல்லால் தீர்ப்பு எழுத யாருக்கும் உரிமை இல்லை.

பெட்டியிலேயே குறை இருப்பது வேறு பெரிய பெயர்களுக்கும் நேர்ந்திருக்கிறது. 2013 மார்ச்சில் சீனத் தொலைக்காட்சியின் நுகர்வோர் நாள் நிகழ்ச்சியில் ஃபோக்ஸ்வாகன் கார்களின் இரட்டைக் கிளட்ச் பெட்டியில் உள்ள கோளாறு அம்பலமானது. சில நாட்களிலேயே 3,84,181 கார்களைத் திரும்பப் பெறுவதாக நிறுவனம் அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் உலக அளவில் 16 லட்சம் கார்களின் கியர் பெட்டி எண்ணெயை மாற்றிக் கொடுத்தது. நம் நாட்டிலும் 2024 பிப்ரவரியில் ஹூண்டாய் 7,698 கிரெட்டா, வெர்னா கார்களையும், கியா 4,358 செல்டோஸ் கார்களையும் திரும்ப அழைத்தன. காரணம், சிவிடி வகைப் பெட்டியின் மின்னணு எண்ணெய் பம்புக்கான கட்டுப்பாட்டுக் கருவி. தாமாகவே அழைத்துச் சரிசெய்து கொடுப்பது பாராட்ட வேண்டிய செயல். உங்கள் வண்டியின் சேசிஸ் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டால் அது இப்படிப்பட்ட பட்டியலில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

வண்டி நின்ற இடத்திலிருந்து செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். எரியும் விளக்கு, கிலோமீட்டர் அளவு, வண்டி நிற்கும் சரிவு, இழுக்காமல் எஞ்சின் மட்டும் உறுமும் சத்தம், எல்லாவற்றையும் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியைக் கயிறு கட்டி இழுக்கவிடாதீர்கள். இயங்கும் சக்கரம் தரையில் உருண்டால் பெட்டி இன்னும் கெடலாம், பிறகு அந்தப் பழியும் உங்கள் மேல்தான் விழும். வண்டி முழுதாக மேலே ஏறும் தட்டையான ரெக்கவரி வண்டியையே கேளுங்கள்.

பணிமனையில் ஜாப் கார்டு எழுதும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். "ஜெனரல் செக்கப்" என்று எழுதி முடித்துவிடுவார்கள். அதை ஒப்புக்கொள்ளாதீர்கள். எத்தனை கிலோமீட்டரில், எந்த இடத்தில், என்ன ஆனது என்று நீங்கள் சொன்னபடியே எழுதவேண்டும், பிறகே கையெழுத்து. மலையில் ஓட்டியதை மறைக்க வேண்டாம். அது குற்றமில்லை. கழற்றும்போது தகவல் சொல்லச் சொல்லுங்கள், பழைய தட்டை நேரில் பார்த்துப் படம் எடுங்கள், எரர் கோடு அச்சுப் பிரதியைக் கேளுங்கள். வாரண்டி மறுத்தால் மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். வாய் வார்த்தைக்கு நுகர்வோர் ஆணையத்தில் மதிப்பு இல்லை. ஒவ்வொரு முறை வண்டி உள்ளே போகும்போதும் ஒரு ஜாப் கார்டு சேர்ந்தால், அதே குறை எத்தனை முறை திரும்பி வந்தது என்பதை அந்தத் தாள்களே சொல்லும்.

புது வண்டியே வேண்டும் என்று கேட்கலாமா? இதில் உச்ச நீதிமன்றத்தின் போக்கைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. 2006-இல் மாருதி தொடர்பான வழக்கில், ஒரு பாகத்தில் குறை என்பதற்காக முழு வண்டியையும் மாற்றித் தரச் சொல்ல முடியாது, பாகத்தை மாற்றிக் கொடுத்து இழப்பீடும் தரலாம் என்றது. 2010-இல் ஃபியட் கார் வழக்கு வந்தது. எஞ்சினிலும் கியர் பாக்ஸிலும் சத்தம் என்பது அந்த வாடிக்கையாளரின் புகார். எஞ்சினை மாற்றிக் கொடுத்திருந்தார்கள். தனிப்பட்ட தொழில்நுட்ப நிபுணர் வண்டியைப் பார்க்கட்டும், உற்பத்திக் குறை என்று அவர் சொன்னால் விலை, ஆயுள் வரி எல்லாவற்றையும் 12 சதவீத வட்டியோடு திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. வண்டி மாறுமா, பணம் திரும்புமா என்பதெல்லாம் நிபுணரின் அறிக்கையில்தான் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தேவைப்பட்டால் ஆணையமே பொருளைச் சோதனைக்கு அனுப்பலாம். அதை மனுவிலேயே கேட்டுவிடுங்கள்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவுசெய்யுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் அங்கேயே போகலாம். வண்டியை வாங்கியது சென்னையாக இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடைக்கானல்காரர் திண்டுக்கல்லுக்குப் போனால் போதும். 5 முதல் 10 லட்சம் வரை விலையுள்ள வண்டிக்குக் கட்டணம் 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். ஆனால் குறை தெரிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போயாக வேண்டும். "அடுத்த மாசம் பார்ட்ஸ் வந்துடும் சார்" என்று தள்ளித் தள்ளிப் போவதில் பலருக்கு அந்தக் காலம் கரைந்துவிடுகிறது.

ஏறும்போது இழுவை போய்ப் பின்னால் உருளும் கார், பின்னே வருகிற பேருந்துக்கும் ஆபத்து. உயிருக்கு ஆபத்தான குறைகளுக்காக மோட்டார் வாகனச் சட்டத்தில் 110ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டு, 2021 ஏப்ரல் முதல் அதற்கான விதிகள் நடைமுறையில் உள்ளன. ஒரு மாடலில் ஏழு ஆண்டுக்குட்பட்ட வண்டிகளைப் பற்றிக் குறிப்பிட்ட அளவு உரிமையாளர்கள் ஒரே குறையைச் சொன்னால், அதை விசாரித்துத் திரும்பப் பெறும்படி மத்திய அரசு உத்தரவிடலாம். அதற்கான புகாரைச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் இணையதளத்தில் பதிய வேண்டும். பணிமனையில் கொடுக்கும் புகார் தானாக அங்கே போய்ச் சேராது. பணிமனையிலிருந்து வீடு திரும்பிய அன்றைக்கே அங்கும் பதிந்துவிடுங்கள்.