தினமும் அரைப் பக்கம்



திருவல்லிக்கேணியில் 1927-ல் சையத் அஸ்மத்துல்லா சாஹிப் தொடங்கிய 'முசல்மான்' உருது நாளிதழை நம்மில் பலர் அறிவோம். நாலே பக்கம். கணினி வந்த பிறகும் காதிபுகள் கையால்தான் எழுதினார்கள். ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 மணி நேரம். கடைசி நேரச் செய்திக்கு முதல் பக்கத்தில் ஒரு மூலையைக் காலியாக விட்டுவைப்பார்கள். மனசு வரட்டும் என்று காத்திருக்க முடியாது. மாலையில் பத்திரிகை வந்தாக வேண்டும்.

குறைவானாலும் விடாமல் செய்யும் அமலையே அல்லாஹ் அதிகம் விரும்புகிறான் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லித் தந்ததை நாம் வணக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறோம்.

நம் பல்லாவரம், குரோம்பேட்டை தோல் பதனிடும் தொழிற்சாலைகளில் உழைத்த பெரியவர்கள் குறைந்து வருகிறார்கள். எழுதி வைக்காவிட்டால் அவர்கள் கதையும் கபுருக்குள் போய்விடும். இஷாவுக்குப் பிறகு செல்போனை ஓரமாக வைத்துவிட்டு, நன்னாவிடமும் நன்னியிடமும் கேட்டு அரைப் பக்கம் எழுதுங்கள், பிள்ளைகளே. தமிழிலோ உருதுவிலோ, எதில் வருகிறதோ அதில். பெற்றோர்கள் உடனே பிழை திருத்த உட்கார வேண்டாம். மறுநாள் பிள்ளை நோட்டைத் தொடாது. ஒருநாள் விட்டுப்போனால் அதற்குக் களா இல்லை, அடுத்த நாள் தொடருங்கள்.

வரும் ஜும்ஆவுக்குப் பின் அலுவலகத்தில் நோட்டு தருகிறோம். வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.