இரண்டாவது திரை யாரைப் பார்த்து இருக்கிறது?

(தேவாரத்தில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் பேருந்தில் என் பையைப் பார்த்த ஒரு தோழி, "என்ன டீச்சர், இன்னமும் சிலேட்டைத் தூக்கிட்டு அலையிறீங்க?" என்று கேட்டார். அவர் பார்த்தது சிலேட்டு இல்லை. கையில் எடுத்துச் செல்லக்கூடிய ஒரு கணினித் திரை. மடிக்கணினியோடு கம்பியில் இணைத்தால் அதற்கு இரண்டாவது திரையாகிவிடும். அதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். ஆனால் அதை நான் வாங்கிய கதையைச் சொல்லாமல் அதன் பயனை மட்டும் சொன்னால் அது விளம்பரமாகிவிடும். அந்தக் கதை என்னுடைய ஒரு தவறிலிருந்து தொடங்குகிறது.

அன்றைக்கு ஒன்பதாம் வகுப்பில் ஒளிவீழ்த்தியில் அறிவியல் காணொளி ஓடிக்கொண்டிருந்தது. காணொளி முடிந்து பிள்ளைகள் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்த இடைவெளியில் எமிஸ் தளத்தில் ஒரு மாணவியின் விவரத்தைச் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். மடிக்கணினியில் பக்கத்தைத் திறந்தேன். ஒளிவீழ்த்தி அணைக்கப்படவில்லை என்பதை மறந்துவிட்டேன். என் திரையில் இருந்தது அப்படியே சுவரில் ஆளுயரத்துக்கு விழுந்தது. அந்தப் பிள்ளையின் பெயர், சமூகம், குடும்ப வருமானம், தந்தை விவரம் எல்லாமே. பின் பெஞ்சில் ஒரு பையன் அதைச் சத்தமாக வாசித்தான். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் வகுப்பே வாசித்துவிட்டது.

அந்தப் பிள்ளையின் அப்பா குடும்பத்தோடு இல்லை. அது வகுப்பில் யாருக்கும் தெரியாது. மூன்று நாள் அவள் பள்ளிக்கு வரவில்லை.

அவளுடைய அம்மா ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர். விடியுமுன்னே ஜீப்பில் ஏறி, இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர். நமக்குத் தலைக்கு மேலே மலை தெரிகிறது. ஆனால் சாக்குலூத்து மெட்டு வழியாகச் சாலை வேண்டும் என்ற கோரிக்கை இன்னும் கோரிக்கையாகவே இருப்பதால், போடி மெட்டோ கம்பம் மெட்டோ சுற்றித்தான் போய் வர வேண்டும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை நானே வீட்டுக்குப் போனேன். அவர் என்னைத் திட்டவில்லை. ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "பள்ளிக்கூடத்துல கேட்டீங்கன்னு சொன்னோம் டீச்சர். ஊருக்கே சொல்லணும்னு சொல்லலையே."

இருபது வருட அனுபவத்தில் இப்படி ஒரு பாடத்தை எனக்கு யாரும் நடத்தியதில்லை.

அன்று இரவு கணினியைத் திறந்து, எங்கே பிசகினேன் என்று பார்த்தேன். விண்டோஸ் விசையையும் 'பி' விசையையும் சேர்த்து அழுத்தினால் நான்கு தேர்வுகள் வரும். முதலாவது, கணினித் திரை மட்டும். இரண்டாவது, 'டூப்ளிகேட்'. நம் திரையில் உள்ளதே சுவரிலும் தெரியும். மூன்றாவது, 'எக்ஸ்டெண்ட்'. சுவர் தனித் திரையாகிவிடும். நாம் எதை அங்கே நகர்த்துகிறோமோ அது மட்டும் அங்கே தெரியும். நான்காவது, இரண்டாவது திரை மட்டும். நம்மில் பலர் ஒளிவீழ்த்தியை இணைத்த அன்று எது வந்ததோ அதிலேயே வருடக்கணக்கில் ஓட்டுகிறோம். நானும் 'டூப்ளிகேட்' முறையில்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். 'எக்ஸ்டெண்ட்' முறையில் இருந்திருந்தால் அந்தப் பக்கம் என் கண்ணுக்கு மட்டும் தெரிந்திருக்கும்.

இந்த வசதி புதியதும் அல்ல. 1998-இல் வந்த விண்டோஸ் 98 காலத்திலேயே ஒரு கணினியில் பல திரைகளைப் பயன்படுத்த வழி இருந்தது. நாம்தான் தேடிப் பார்க்கவில்லை.

ஆகவே நண்பர்களே, வகுப்பில் ஒளிவீழ்த்தியோ திறன்மிகு பலகையோ இருந்தால் நீங்கள் புதிதாக எதையும் வாங்க வேண்டாம். இரண்டாவது திரை ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. முறையை மாற்றினால் போதும். பவர்பாயிண்டில் 'பிரசெண்டர் வியூ' என்று ஒன்று உண்டு. சுவரில் படம் மட்டும் தெரியும். நம் திரையில் நம் குறிப்பும், அடுத்து வரும் படமும், கடிகாரமும் தெரியும். லிப்ரே ஆபிஸிலும் இதே வசதி உள்ளது. கூடவே வாட்ஸ்அப் அறிவிப்புகளை வகுப்பு நேரத்தில் நிறுத்திவிடுங்கள். வீட்டிலிருந்து வரும் செய்தி வகுப்புக்குப் பாடம் அல்ல.

அப்படியானால் இந்தப் பையில் இருக்கும் திரை எதற்கு? ஒளிவீழ்த்தி இல்லாத இடங்களுக்கு. நம் வேலையில் பாதி அங்கேதான் நடக்கிறது.

பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருபுறம் சேர்க்கைப் பதிவேடு, மறுபுறம் எமிஸ் விவரம். சிறிய மடிக்கணினியில் இந்தச் சன்னலைத் திறந்து ஒரு பெயரை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தச் சன்னலுக்குப் போவோம். போகும் வழியில் 'ண' என்பது 'ன' ஆகிவிடும். 'எம்' என்ற முன்னெழுத்து 'என்' ஆகிவிடும். இந்தப் பிழை நம் கவனக்குறைவால் மட்டும் வருவதில்லை. எதையும் சில நொடி மனத்தில் சுமந்துகொண்டு போக வேண்டியிருப்பதால் வருகிறது. இரண்டு திரையிலும் இரண்டும் திறந்திருந்தால் சுமக்க வேண்டியதில்லை. கண்ணை நகர்த்தினால் போதும். மதிப்பெண் சான்றிதழில் பிழை அச்சாகிவிட்டால் அந்தப் பிள்ளை கல்லூரிச் சேர்க்கையிலும் வேலையிலும் கடவுச்சீட்டிலும் அதைச் சுமந்துகொண்டே அலைய வேண்டும்.

இனி, வாங்க நினைப்பவர்களுக்குச் சில செய்திகள். இவை 14 முதல் 16 அங்குல அளவில் பரவலாகக் கிடைக்கின்றன. பல திரைகள் ஒரு கிலோவுக்கும் குறைவான எடைதான். வாங்குமுன் உங்கள் மடிக்கணினியின் துளையைப் பாருங்கள். டைப்-சி துளை எல்லாமே படத்தைக் கடத்தாது. சில மின்னேற்றத்துக்கும் கோப்பு மாற்றவும் மட்டுமே. 'டிஸ்பிளே போர்ட்' வசதி உள்ள டைப்-சி என்றால் ஒரே கம்பியில் படமும் மின்சாரமும் போய்விடும். இல்லையென்றால் எச்டிஎம்ஐ கம்பி படத்துக்கு, இன்னொரு கம்பி மின்சாரத்துக்கு. திரையின் பக்கம் பெரும்பாலும் 'மினி எச்டிஎம்ஐ' என்ற சின்னத் துளைதான் இருக்கும். அதற்குரிய கம்பி பெட்டியில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தெளிவுக்கு 1920க்கு 1080 புள்ளிகள் போதுமானது.

இணைத்த பிறகு பலர் சொல்லும் குறை, "மவுஸ் காணாமல் போய்விட்டது" என்பது. திரை அமைப்பில் 1, 2 என்று இரு கட்டங்கள் இருக்கும். மேசையில் திரை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் கட்டத்தை இழுத்து வையுங்கள். மவுஸ் திரும்பி வந்துவிடும். திறந்திருக்கும் சன்னலை அடுத்த திரைக்கு அனுப்ப விண்டோஸ், ஷிப்ட் விசைகளோடு அம்புக்குறி விசையை அழுத்தினால் போதும்.

குறைகளும் உண்டு. மடிக்கணினியின் மின்சாரத்தையே குடிப்பதால் அதன் மின்கலம் சீக்கிரம் தீரும். வெளிச்சத்தைக் குறைத்து வைத்தால் கொஞ்சம் தாங்கும். வெயிலில் திரை சரியாகத் தெரியாது. உறையில்லாமல் பையில் போட்டால் கீறல் விழும். மடியில் வைத்துப் பேருந்தில் வேலை செய்ய இது உதவாது, மேசை வேண்டும். 2023 ஜூனில் போடி வரை ரயில் வந்த பிறகு, சென்னையில் நடந்த ஒரு பணிமனைக்கு அதில் போனேன். ரயிலில் இதை வெளியே எடுக்கவே இல்லை, தூங்கிக்கொண்டு போனேன். தங்கிய அறையின் மேசையில் ஒரு திரையில் பாடநூலையும் மறு திரையில் வினாத்தாளையும் வைத்து வேலை செய்தபோதுதான் தூக்கி வந்ததற்குப் பலன் தெரிந்தது.

எனக்கு இதற்கு ஒன்பதாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல் ஆனது. எல்லோரும் செலவழிக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். கையில் ஆண்ட்ராய்டு கைக்கணினி இருந்தால் 'ஸ்பேஸ்டெஸ்க்' போன்ற செயலியின் மூலம் அதையே இரண்டாவது திரையாக்கலாம். படம் கொஞ்சம் தாமதமாக நகரும். பட்டியல் சரிபார்க்க அது போதும்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் ஒன்றை நினைத்துப் பாருங்கள். எண்ணும் எழுத்தும் வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைப் பிள்ளைகள் ஒரே அறையில் இருக்கிறார்கள். அரும்பு நிலைப் பிள்ளைகள் ஐந்து பேர் சின்னத் திரையைச் சுற்றி அமர்ந்து எழுத்துப் பாடலைப் பார்க்கும் நேரத்தில், மலர் நிலைக்கான பயிற்சித்தாளை நீங்கள் மடிக்கணினியில் திறந்து வைத்துக்கொள்ளலாம். இரண்டும் ஒரே கணினியில்தான் நடக்கின்றன.

போடியில் நறுமணப் பொருள்கள் வாரியத்தின் ஏலக்காய் மின்னணு ஏலம் நடப்பதை நாம் எல்லோரும் அறிவோம். கேட்கப்படும் விலை எல்லோருக்கும் தெரிய வேண்டும்; இல்லையென்றால் அது ஏலமே அல்ல. ஆனால் தான் எவ்வளவு வரை போகலாம் என்ற கணக்கு அந்தந்த வியாபாரியோடு இருக்கும். ஒரு கிலோ காய்க்கே இந்த ஒழுங்கு இருக்கிறது. அந்தக் காயைப் பறிக்கிறவரின் பிள்ளை தந்த விவரத்துக்கும் இந்த ஒழுங்கு வேண்டாமா? 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது. நம் வகுப்பில் இருப்பவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் அவர்கள்தாம்.

கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன்.

அந்தப் பிள்ளை பத்தாம் வகுப்புக்கு வந்தாள். பெயர்ப்பட்டியலைப் பெற்றோரிடம் காட்டிச் சரிபார்க்க வேண்டும். பகலில் மலைக்குப் போகிறவர்கள் பள்ளி நேரத்தில் எப்படி வருவார்கள்? தலைமையாசிரியரிடம் அனுமதி பெற்று, அவர்கள் தெருவில் இருக்கும் ஒரு வீட்டுத் திண்ணையில் மாலை ஏழு மணிக்கு மேல் இரண்டு திரையோடு உட்கார்ந்தேன். என் திரை என் பக்கம். சின்னத் திரை பெற்றோர் பக்கம். அதில் அவரவர் பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, முன்னெழுத்து மட்டும், பெரிய எழுத்தில். ஒருவர் எழுந்து போன பிறகுதான் அடுத்தவர்.

அந்த அம்மா வந்தார். உட்காருமுன் கேட்டார்: "இத வேற யாரும் பாக்க மாட்டாங்கல்ல டீச்சர்?"

"நீங்களும் நானும் மட்டும்தாம்மா" என்றேன்.

ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஏலக்காய்க் கறை படிந்த விரலைத் திரையில் வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. "இங்க ரெண்டு சுழி போட்டிருக்கு. மூணு சுழில்ல வரணும்?" என்றார். பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. நான் இரண்டு முறை சரிபார்த்த பட்டியல் அது. அவர் கண் முன்னே திருத்தினேன். திருத்தியது அவர் பக்கத் திரையில் மாறியதும், "ஆங், இப்பச் சரி" என்று எழுந்து போனார்.

என்னை மன்னித்துவிட்டாரா என்று நான் கேட்கவில்லை. பிள்ளை தேர்வெழுதித் தேர்ச்சி பெற்றாள். சான்றிதழில் அவள் பெயர் மூன்று சுழியோடு இருக்கிறது.

நாளை வகுப்பில் கணினியை இணைத்ததும் ஒரு நொடி நின்று, விண்டோஸ் விசையையும் 'பி' விசையையும் அழுத்திப் பாருங்கள். இரண்டாவது திரை யாரைப் பார்த்து இருக்கிறது, அவர்கள் எதைப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுப் பாடத்தைத் தொடங்குங்கள். அதற்குக் காசு செலவில்லை.