வாய் போச்சு என்று கைவிடாதீர்கள்

(தேங்காய்த்திட்டில் தாய்மார்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குடும்ப நலம் என்றதும் பிள்ளைப்பேறு, தடுப்பூசி என்றுதான் நினைப்பீர்கள். வீட்டிலுள்ள பெரியவர்களின் நலமும் குடும்ப நலந்தான். பக்கவாதம் வந்து பேச்சும் விழுங்கும் சக்தியும் குறைந்துபோனவர்களை எப்படிக் கவனிப்பது என்று இன்று பார்ப்போம்.

ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நேற்றுவரை மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் கூவிய மனுஷர். விடியற்காலையில் பார்த்தால் வாய் கோணியிருக்கிறது, வலது கையைத் தூக்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது. உடனே நாம் என்ன செய்கிறோம்? "சூடா ஒரு வாய் காப்பி குடிங்க, சரியாப் போயிடும்" என்று வாயில் ஊற்றுகிறோம். அன்பினால் செய்வதுதான். ஆனால் அந்த ஒரு வாய் காப்பியே ஆபத்தாகிவிடலாம்.

காரணம் என்ன? தொண்டையில் உணவுக் குழாயும் மூச்சுக் குழாயும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. விழுங்கும் நேரத்தில் மூச்சுக் குழாயின் வாய் தானாக மூடிக்கொள்ளும். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு முதல் நாட்களில் இந்த வேலை சரியாக நடப்பதில்லை. தண்ணீரும் கஞ்சியும் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரலாம். சிலருக்குப் புரை ஏறுவதோ இருமுவதோ கூட வெளியே தெரியாது.

ஆகவே வாய் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ வாய்க்கு ஒன்றும் கொடுக்காதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. அது வேண்டுமா வேண்டாமா என்பதை டாக்டர் முடிவு செய்வார். விழுங்க முடிகிறதா என்று சோதித்த பிறகே ஆகாரம் கொடுக்கச் சொல்வார்கள். மூக்கு வழியாகக் குழாய் போட்டால் பயப்பட வேண்டாம். பலருக்கு அது கொஞ்ச நாளைக்குத்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு கவனிக்க வேண்டியவை:

1. படுக்க வைத்து ஊட்டாதீர்கள். நன்றாக நிமிர்த்தி உட்கார வையுங்கள். சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரம் உட்கார்ந்தே இருக்கட்டும்.

2. சின்னக் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ஒரு வாய் இறங்கிய பிறகே அடுத்த வாய்.

3. சிலருக்குத் தண்ணீரைவிடக் கூழ் பதத்தில் இருப்பது சுலபமாக இறங்கும். எந்தப் பதம் என்பதைப் பரிசோதித்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

4. காலையும் இரவும் வாயைச் சுத்தம் செய்யுங்கள். அழுக்கு வாயிலுள்ள கிருமிதான் எச்சிலோடு நுரையீரலுக்குப் போகிறது.

5. சாப்பிடும்போது இருமல், குரலில் களகளப்பு, அடிக்கடி காய்ச்சல் இருந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

இனி பேச்சுக்கு வருவோம். 1861-ல் பாரிசில் பால் புரோக்கா என்ற டாக்டர் ஒரு நோயாளியைப் பார்த்தார். எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து பெரும்பாலும் "டான்" என்ற ஓசைதான் வரும். ஆனால் பிறர் சொன்னது பெருமளவு அவருக்குப் புரிந்தது. அவர் இறந்த பிறகு பார்த்தால் மூளையின் இடது பக்க முன்பகுதி கெட்டிருந்தது. பேச்சு போனால் புத்தி போய்விட்டது என்று அர்த்தமில்லை என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

சிலருக்குப் புரிகிறது, சொல்லத்தான் வராது. சிலருக்குக் கேட்பதைப் புரிந்துகொள்வதே கஷ்டம். இன்னும் சிலருக்கு வார்த்தை தெரியும், நாக்கும் உதடும் ஒத்துழைக்காது. சொல்தா பென்ஷன் வாங்கும் வீடுகளில் ஒருவருக்குத் தமிழும் பிரெஞ்சும் தெரிந்திருந்தால், ஒரு மொழி முன்னாலும் மற்றது பின்னாலும் திரும்பலாம். யாருக்கு என்ன பயிற்சி என்பதைப் பேச்சுப் பயிற்சியாளர் பார்த்துச் சொல்வார். இந்தப் படிப்புக்கென்றே மத்திய அரசு 1965-ல் மைசூரில் ஒரு நிறுவனம் தொடங்கியது. நமக்குப் பக்கத்தில் கோரிமேடு ஜிப்மரில், காது மூக்கு தொண்டைப் பிரிவில் விசாரியுங்கள்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது நிறைய உண்டு. டி.வி.யை நிறுத்திவிட்டு முகம் பார்த்துப் பேசுங்கள். காது கேட்கிறவரிடம் கத்த வேண்டாம், குழந்தையிடம் பேசுவதுபோலவும் பேச வேண்டாம். "சோறா, இட்லியா?" என்று இரண்டையும் காட்டிக் கேளுங்கள். அவர் வார்த்தையைத் தேடும்போது பொறுத்திருங்கள். கைஜாடை, படம், எழுத்து எதுவானாலும் பேச்சுதான். ஒன்று இரண்டு எண்ணுவதும், தெரிந்த பாட்டும் சிலருக்கு முதலில் வரும். தினமும் கொஞ்ச நேரம் பழக்குங்கள். முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அதற்குப் பிறகும் வராமல் போகாது.

முக்கியமான ஒன்று. மகள் கல்யாணமோ, வீடு விற்பதோ, பாங்குக் கணக்கோ, "அவருக்கு என்ன தெரியும்" என்று ஒதுக்கிவைத்துவிட்டுப் பேசாதீர்கள். அவர் காதுபடவே அப்படிச் சொன்னால், பதில் சொல்ல வாயில்லாமல் உள்ளுக்குள் அழுவார்.

மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, நிரந்தரமான பேச்சு மொழிக் குறைபாட்டையும் ஊனமாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. பயிற்சிக்குப் பின்னும் குறை நின்றுவிட்டால் சான்றிதழுக்கு மனுச் செய்யலாம்.

வாய் போச்சு என்று ஒருவரை மூலையில் உட்கார வைக்காதீர்கள். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள்.